ஹமூதுக்கு அடுத்த ஆள்

2005 நவம்பர் 12, சனி

இந்த ஊருக்கு வந்து ஒரு வாரம். “தலைமையிடத்துக்குப் போறீங்க, எல்லா வசதியும் இருக்கும்” என்று மஸ்கட் கேம்ப்பில் சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினான். வசதியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் பெயர் நுகைலா. இரண்டு பக்கமும் மொட்டை மலை, நடுவில் ஓர் ஆறு. ஆற்றை இங்கே வாதி என்கிறார்கள். ஆறு என்று பேர்தான், முக்கால்வாசி உருண்டைக் கல். தண்ணீர் அங்கங்கே மடுவாகக் கிடக்கிறது. கரையில் பேரீச்சந்தோப்பு. தோப்புக்குள் மண் வீடும் சிமெண்ட் வீடுமாக ஓர் இருநூறு இருக்கும். இதுதான் ஒரு விலாயத்துக்கே தலைமையிடமாம். விலாயத் என்றால் நம்மூர்த் தாலுகா மாதிரி, வாலி என்றால் அதற்குத் தாசில்தார். சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்கெல்லாம் வாலி ஆபீஸ், கோர்ட், போலீஸ், போஸ்ட் ஆபீஸ், சின்ன ஆஸ்பத்திரி, எல்லாம் இங்கேதான். பேங்க் கூட உண்டு. வாரத்தில் இரண்டு நாள் திறக்கும், அந்த இரண்டு நாளும் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது. எங்கள் இளையான்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இதைவிட அதிகம் ஜனத்தைப் பார்த்துவிடலாம்.

எங்களுக்கு வேலை, மேலே மெயின் ரோட்டில் புது வாலி ஆபீஸ் கட்டுவது. கட்டி முடித்தால் எல்லா ஆபீஸும் மேலே ஏறிவிடும். கீழே தோப்பும் நாயும்தான் மிச்சம். இது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தும் நேற்று எங்கள் கேம்ப்புக்கு ஒரு தாம்பாளம் பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறார்கள். என்ன மனுஷர்களோ.

முட்டி வலிக்கிறது. மேஸ்திரி என்று பேர், மூட்டையும் நானே தூக்குகிறேன்.

நவம்பர் 14, திங்கள்

கேம்ப் பேப்பருக்கு முத்திரை வாங்க வாலி ஆபீஸ் போனேன். காலையில் அந்த ஒரு தெரு மட்டும் திருவிழா மாதிரி இருக்கிறது. மலையிலிருந்து பிக்கப் பிக்கப்பாக வந்து இறங்குகிறார்கள். நிலத் தகராறு, தண்ணீர்த் தகராறு, பிறப்பு, கல்யாணம், ஆட்டுக்குக் கிடை. இந்த ஊருக்கு வராமல் யாரும் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது போலிருக்கிறது.

வாசலில் வரிசையைப் பார்ப்பது ஹமூத் என்று ஒரு கிழவர். எண்பதுக்குக் குறையாது. இடுப்பில் வெள்ளிப் பிடி போட்ட கத்தி, கையில் மெல்லிய பிரம்பு. டோக்கன் கிடையாது. யார் முதலில் படியை மிதித்தார்கள் என்று அவர் மண்டைக்குள் இருக்கிறது. லேண்ட் குரூசரில் வந்த ஒரு ஷேக் நேரே உள்ளே நுழையப் பார்த்தார். கிழவர் பிரம்பைக் குறுக்கே நீட்டி, எனக்குப் பின்னால் இடம் காட்டினார். சிமெண்ட் சட்டையோடு நான் முன்னால், அத்தர் மணக்க ஷேக் பின்னால். பன்னிரண்டு வருஷ வளைகுடாவில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தள்ளாத வயசு என்று ஒரு பெரியவர் கெஞ்சினார். ஹமூத் உட்கார நாற்காலி கொடுத்தாரே தவிர, இடத்தை மாற்றவில்லை. சின்ன வயசில் பாய்மரக் கப்பலில் பம்பாய் போய் வந்தவராம், பழங்காலத்து ஹிந்தி பேசுகிறார். இங்கே வயசும் கிடையாது பட்டமும் கிடையாது, முன்னால் வந்தவன் முன்னால், என்று எனக்கு விளக்கினார்.

எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிற சுஐபு நம்ம கீழக்கரைக்காரர். அரபியில் மனு அடித்துத் தருவதுதான் தொழில். கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

நவம்பர் 18, வெள்ளி

மாப்ளை ராக்கப்பன் ஒரு குளியல் பைத்தியம். என் தங்கச்சி நாகவள்ளி வீட்டுக்காரன். நான்தான் விசா எடுத்துக் கூட்டிவந்தேன், முதல் தடவை. கேம்ப்பில் டேங்கர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது. ஒரு வாரமாக அதற்கே அழுதுகொண்டிருந்தான்.

இன்று துள்ளிக்கொண்டு வந்தான். தோப்பைச் சுற்றி வரும் கல்வாய்க்காலில், பள்ளிவாசலைத் தாண்டிக் கீழே, ஒரு அருமையான குளியலறை கண்டுபிடித்திருக்கிறானாம். நான்கு பக்கமும் சுவர், பாதிக்குத்தான் கூரை. நடுவில் வழவழவென்று ஒரு நீளக் கல், காலுக்கடியில் ஓடுகிற தண்ணீர். ஈ காக்கா கிடையாது. காலை வெயில் நேராக அந்தக் கல் மேல் விழுந்து சூடாக இருக்கிறதாம்.

“நாகவள்ளி குடுத்த நல்லெண்ணெ பாட்டில் சும்மாதான இருக்கு மச்சான். அடுத்த வாரம் எண்ணெ தேச்சு, அந்தக் கல்லுலயே படுத்து ஊற வச்சேன்னா, ஒடம்பு அலுப்பு பூராம் போயிரும்.”

ஆம்பளைக்குச் சனிக்கிழமைதான் எண்ணெய்க் குளியல், லீவு வெள்ளிக்கிழமைதான் கிடைக்கிறது, என்ன நாடு இது என்று அதற்கும் ஒரு புலம்பல். என்னையும் கூப்பிட்டான். எனக்குத் தூக்கம் போதும்.

நவம்பர் 25, வெள்ளி

ஐயோ, எங்கே ஆரம்பிப்பது.

காலையில் எண்ணெய் பாட்டிலோடு போனவன் பதினோரு மணிக்கு ஓடி வந்தான். உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் கோவணம், தோளில் யாருடைய சால்வையோ. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டால்—

எண்ணெய் தேய்த்து அந்தக் கல்லில் மல்லாந்து படுத்திருக்கிறான். வெயில் சுகத்தில் தூங்கிவிட்டான். கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே ஒரு வெள்ளைத் தாடி. ஹமூத் கிழவர். அவருக்குப் பின்னால் சுவரோரமாக இருபது முப்பது பேர் சத்தமில்லாமல் நிற்கிறார்கள். வாசலில் ஒரு பிணக் கட்டில் இறக்கி வைத்திருக்கிறது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. இவன் எழுந்திருக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கிழவர் தன் சால்வையை எடுத்து இவன் மேல் போர்த்தி, கையைப் பிடித்து எழுப்பி விட்டிருக்கிறார்.

நான் சுஐபு கடைக்கு ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அது மையத்துக் குளிப்பாட்டுற எடம்ங்க. அந்தக் கல்லுலதான் கெடத்துவாங்க. ஊருல யார் மவுத்தானாலும் அங்கதான். ஹமூதுதான் குளிப்பாட்டுவாரு.”

பிணம் கிடத்துகிற கல்லில் படுத்து, எண்ணெய் ஊறவைத்து, குறட்டையும் விட்டிருக்கிறான் என் மாப்ளை. சிரிப்பதா அழுவதா? அடக் கிறுக்குப் பயலே, சுவர் எழுப்பி வைத்திருக்கிறானே, எதுக்குன்னு ஒரு ஆளக் கேக்கக் கூடாதாடா? நம்மூர்ல ஆறுன்னா படித்துறை, படித்துறைன்னா குளியல். அதுக்கு மேல யோசிக்கவே தெரியாதா நமக்கு?

சால்வையைத் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவர் வாங்கிக்கொண்டு, அந்தப் பையன் பயந்துவிட்டானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

நவம்பர் 29, செவ்வாய்

நாலு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குளிக்கவுமில்லை. குளிக்காமல் சோறு இறங்காதவன், டேங்கர் தண்ணீரைக் கூடத் தொட மாட்டேன் என்கிறான். எண்ணெய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் திணித்துவிட்டான்.

“கல்லு என் நீளத்துக்கே இருந்துச்சு மச்சான். எனக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. அடுத்து அதுல கெடக்கப் போறது நாந்தான்.”

அதட்டினேன். அதட்டி என்ன பயன்? கண் எங்கேயோ இருக்கிறது. சாரத்தில் ஏறினால் கால் நடுங்குகிறது என்றதும் கீழேயே கம்பி கட்டப் போட்டேன்.

டிசம்பர் 4, ஞாயிறு

கம்பி கட்டும் இடத்திலேயே மயங்கி விழுந்தான். சைட் பிக்கப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நல்ல வேளை, அங்கே நர்ஸ் தங்கபுஷ்பம் நம்ம குளச்சல் பக்கம். ஒன்பது வருஷமாக இந்த மலைக்குள் கிடக்கிறார்களாம். அந்தம்மாவுக்கும் முகத்தில் என்னுடைய அலுப்புதான். குளுக்கோஸ் ஏற்றி, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்கள்.

“இவருக்கு ஒரு நோவும் இல்ல கேட்டியளா. பயந்து போனாரு, அவ்வளவுதான். இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. இப்பிடியே சோறு தின்னாம கெடந்தா ரெண்டு மாசம் தாங்காது.”

தாங்காது என்ற சொல்லை அந்தம்மா சாதாரணமாகத்தான் சொன்னார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 9, வெள்ளி

நாகவள்ளி போன். அவனிடம் கொடுத்தால் “ம், ம்” என்று இரண்டு வார்த்தை. திரும்ப என்னிடம் தந்துவிட்டான்.

“அண்ணே, அவுக குரலே சரியில்ல. என்னமோ மறைக்கிறீக.”

சளி என்றேன். அவள் நம்பவில்லை. பிறகு, “ஒங்கள நம்பித்தாண்ணே அனுப்புனேன். முழுசாத் திருப்பி அனுப்பீருங்க, போதும்” என்றாள்.

ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு வருஷம் முடியாமல் பாஸ்போர்ட் வெளியே வராது, கலாஸ் என்று கையை உதறிவிட்டான். இவனைக் கட்டிக் காக்க என்னால் முடியவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயசு, இரண்டு முட்டியும் போய்விட்டது, முப்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். இதில் இவன் ஒரு கல்லில் படுத்துவிட்டுச் சாகப் போகிறேன் என்கிறான். கோபம் கோபமாக வருகிறது. பிறகு முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

டிசம்பர் 13, செவ்வாய்

பலசரக்குக் கடையில் ஒரு வாடின தேங்காய் வாங்கி, அவன் தலையைச் சுற்றி வாதிக் கல்லில் உடைத்தேன் — அழுகல்.

டிசம்பர் 16, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

ஹமூத் கிழவர் கேம்ப்புக்கு வந்தார். ஒரு கையில் காவா என்கிற அரபிக் காப்பி ஃபிளாஸ்க், ஒரு கையில் பேரீச்சம்பழ டப்பா. கல்லில் தூங்கின பையன் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்து அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். மாப்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டான். பிணம் குளிப்பாட்டுகிறவர் தேடி வந்தால் வேறு என்ன செய்வான்?

கிழவர் சின்னக் கிண்ணத்தில் காவா ஊற்றிக் கொடுத்தார், கூடவே ஒரு பழம். இவர்கள் பழக்கம், போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டாமல் கொடுத்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். மாப்ளைக்கு அது தெரியாது. குடித்துவிட்டு மரியாதையாக நீட்டினான். கிழவர் ஊற்றினார், ஒரு பழம் கொடுத்தார். பெரியவர் கொடுப்பதை மறுக்கக் கூடாதே என்று அதையும் தின்றான், கிண்ணத்தை நீட்டினான். மறுபடியும் ஊற்றினார். எனக்குத் தெரியும். ஆட்டுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வேனா? மூன்று வாரமாக வயிற்றில் ஒன்றும் இறங்காதவன், முக்கால் டப்பா பழத்தைத் தின்று தீர்த்தான்.

அப்புறம்தான் கிழவர் பேசினார். எதற்குப் பயப்படுகிறான் என்று என்னைக் கேட்டார். கல் அவனைக் கூப்பிட்டுவிட்டது, அடுத்த ஆள் தான்தான் என்று நினைக்கிறான் என்றேன். கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. நிஜமான கோபம். ஆபீஸ் வாசலில் ஷேக்கிடம் காட்டிய அதே முகம். அவர் ஹிந்தியில் சொன்னதை நான் மாப்ளைக்குத் தமிழில் சொன்னேன்:

“அந்த வாசல்லயும் வரிசை என்னோடதுதான். நாப்பது வருஷமா நான் அங்க நிக்கிறேன். எங்கப்பாவ அந்தக் கல்லுல குளிப்பாட்டுனேன், என் பெண்டாட்டிக்குத் தண்ணி சொமந்தேன். நீ நேத்து வந்தவன். எனக்கு முன்னால எப்பிடிப் போவ? பின்னால நில்லு.”

மாப்ளை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். “அப்ப இவருக்குப் பெறகுதானா மச்சான் நான்?” என்று கேட்டான். நான் கேட்டுச் சொன்னேன். ஆமாம், எனக்குப் பிறகுதான், குறுக்கே வந்தால் பிரம்பால் அடிப்பேன் என்றார் கிழவர்.

போகும்போது என் காதில், இவனை நாளைக்குக் குளிக்கச் சொல், நாறுகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 17, சனி

குளித்தான். டேங்கர் தண்ணீரில். இரண்டு தட்டுச் சோறு.

2006 ஜனவரி 14, சனி

பொங்கல். சைட்டுக்கு லீவு கிடையாது. விடியுமுன்னே கேஸ் அடுப்பில் ஒரு குண்டான் பொங்கல் வைத்தோம். முதல் கிண்ணம் ஹமூதுக்கு என்று மாப்ளை எடுத்து வைத்துவிட்டான்.

இப்போதெல்லாம் அவனுக்கு வேலையே அதுதான். டூட்டி முடிந்தால் கிழவர் வீட்டுக்கு ஓடுகிறான். ஆட்டுக்குத் தழை போடுகிறான், தண்ணீர்க் கேன் தூக்கிக் கொடுக்கிறான். படியில் இறங்கினால் கையைப் பிடிக்கிறான். கிழவர் இருமினால் இவனுக்கு முகம் வெளுத்துவிடுகிறது. காலையில் சைட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆபீஸ் வாசலில் கிழவர் நிற்கிறாரா என்று ஒரு பார்வை. இருந்தால் அன்றைக்குச் சாரத்தில் குரங்கு மாதிரி ஏறுவான். ஊர்க்காரர்கள் அவனுக்கு ‘ஹமூதுக்கு அடுத்தவன்’ என்று அரபியில் பேர் வைத்துவிட்டார்கள். சுஐபு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் உயிரை ஒரு எண்பது வயசுக் கிழவர் மேல் தூக்கி வைத்திருக்கிறான். அவர் எத்தனை நாளைக்கு? சின்ன வயசில் குலசாமியிடம் கூட நான் இப்படி வேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஒரு அரபிக் கிழவரை நூறு வயசுக்கு வை என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4, சனி

பயந்தது நடக்கிறது. ஹமூத் ஆஸ்பத்திரியில். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தங்கபுஷ்பம் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

கிழவருக்குக் குளிர் தாங்கவில்லை. மூன்று போர்வை போட்டும் பாரித், பாரித் என்கிறார். மாப்ளை கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அவர் மகன், போலீஸ்காரர், மறுபக்கம். இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேச பாஷையும் இல்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

வாலி ஆபீஸில் கிழவர் இல்லாமல் வரிசை கலைந்து அடிதடி. சுஐபு கடைக் கண்ணாடி உடைந்தது.

பிப்ரவரி 10, வெள்ளி

இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று மேட்டுப் பக்கத்திலிருந்து கார் ஹாரன் சத்தம் தொடர்ந்து வந்தது. வாதி வருகிறது என்று அர்த்தமாம். எங்கோ மலையில் பெய்த மழை. ஊரே சட்டி, ஃபிளாஸ்க், பிள்ளைகளோடு மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. நாங்களும் போனோம். முதலில் ஒரு நுரை, பின்னால் சேறு, அதற்குப் பின்னால் ஒரு முழுப் பேரீச்ச மரம் நின்றபடியே வந்தது. ஆறு என்றால் அதுதான் ஆறு. நான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் வாய்க்கால் பல இடத்தில் தூர்ந்து போயிருக்கிறது. பள்ளிவாசலுக்குக் கீழே அந்தச் சுவருக்குள் இடுப்பளவு சேறும் கல்லும். மாப்ளை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான்.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஹமூத் காலையில் போய்விட்டார்.

தங்கபுஷ்பம்தான் போன் செய்தார்கள். “அண்ணே, பாபா போயாச்சு. ஒங்க ஆளுக்க முன்னால பாத்துச் சொல்லுங்க.” மாப்ளையை மேல் சைட்டிலேயே டைல்ஸ் இறக்க நிறுத்தி வை, கீழே விடாதே என்று வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் இறங்கினேன். எதற்கு மறைத்தேன், எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒன்றும் யோசிக்கவில்லை. இன்றைக்கு ஒரு நாள் அவன் சோறு தின்னட்டும் என்று மட்டும்தான் இருந்தது.

மலைக் கிராமத்து வண்டிகள் எல்லாம் ஒரே திசையில் இறங்குவதைப் பார்த்தாலே தெரியாதா அவனுக்கு? நான் போய்ச் சேர்ந்து கால் மணி நேரத்தில் பின்னாலேயே வந்து நிற்கிறான், கையில் மண்வெட்டி.

அங்கே சுவருக்குள் ஊர்க்காரர்கள் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். பாதி பேர் ஆபீஸ் உடுப்போடு வந்தவர்கள், வேலை நகரவில்லை. கிழவரை வேறு எங்காவது வைத்துக் குளிப்பாட்டலாம் என்று ஒருத்தர் சொல்ல, மகன் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்ளை யாரையும் பார்க்கவில்லை. உள்ளே இறங்கினான். என்ன வேலை வேலை! மூன்று மாசமாக அந்த இடத்தைக் கனவில் கண்டு அலறியவன், ஒற்றை ஆளாகப் பாதிக் கல்லை வெளியே உருட்டினான். நானும் முட்டியை மறந்து இறங்கினேன். வாய்க்கால் அடைப்பு எடுபட்டதும் தண்ணீர் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. வாளி வாளியாக ஊற்றி அந்த நீளக் கல்லைக் கையாலேயே தேய்த்துக் கழுவினான். வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. கடைசியாக உள்ளங்கையை அதில் வைத்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றான்.

கட்டில் வந்தபோது நாங்கள் வெளியே வந்துவிட்டோம். வாசலில் அந்தப் போலீஸ்கார மகன் சுவரில் சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பத்து நாளாகக் குளிருது குளிருது என்றாரே, இப்போது இந்தத் தண்ணீரை எப்படி ஊற்றுவேன் என்று அழுகிறார் என்று சுஐபு எனக்குச் சொன்னார். மாப்ளை புரியாமல் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். உடனே போய் அந்த மகன் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான், ஹிந்தியும் கலந்து வந்தது:

“பாபா பாரித் மாஃபி. ஹஜர் கரம். அனா மாலூம்.”

பாபாவுக்குக் குளிராது. கல் சூடாக இருக்கிறது. எனக்குத் தெரியும்.

அந்தக் கல்லில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தவன் அத்தனை கூட்டத்தில் அவன் ஒருத்தன்தான். மகன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் தோப்பில் உட்கார்ந்திருந்தோம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

பிப்ரவரி 13, திங்கள்

சாப்பிட்டானா என்று மூன்று தடவை எட்டிப் பார்த்தேன். சாப்பிட்டான். மெதுவாக, ஆனால் முழுதும்.

பிப்ரவரி 24, வெள்ளி

ஒன்றும் பேச மாட்டேன் என்கிறான். வேலைக்கு வருகிறான், சாரம் ஏறுகிறான், தூங்குகிறான். பயமா, துக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. நாகவள்ளி போன் செய்தாள். நன்றாக இருக்கிறான் என்றேன். பொய்யா மெய்யா, எனக்கே தெரியவில்லை.

மார்ச் 11, சனி

புது ஆபீஸ் திறந்துவிட்டார்கள். கொடி, பூ, சர்பத். வாசலில் டோக்கன் மிஷின். பித்தானை அமுக்கினால் நம்பர் வருகிறது. மலைக்காரர் ஒருத்தர் நாலைந்து தடவை அமுக்கி நாலைந்து சீட்டு எடுத்துக்கொண்டார், முந்திப் போகலாம் என்று. ஹமூத் இருந்திருந்தால் கை வீங்கியிருக்கும்.

சாயந்தரம் கீழே இறங்கி வந்தோம். பழைய ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. சுஐபு கடையை மேலே மாற்றுகிறார், மிஷினைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் நாய் கூட இல்லை, நாயும் மேலே போய்விட்டது போல. தலைமையிடம் என்று எழுதின போர்டை மட்டும் யாரும் கழற்றவில்லை. நாங்கள்தானே கட்டினோம் என்று ஒரு மாதிரி இருந்தது. நம் வேலை அதுதான், என்ன செய்ய.

மார்ச் 17, வெள்ளி

காலையில் கட்டிலில் படுத்துக் கிடந்தேன். அடுத்த சைட் நிஸ்வா என்கிறார்கள், அதற்குள் இந்த முட்டியை என்ன செய்வது என்று யோசனை. நல்லெண்ணெய் வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தால் மாப்ளை பெட்டிக்கு அடியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துச் சீப்பு மாதிரி விரலால் தலைக்குத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். நவம்பரில் மூடியது. நான் பார்க்காத மாதிரிப் படுத்திருந்தேன்.

முடித்துவிட்டு என் கட்டிலுக்கு வந்தான். எழுந்து உட்காருங்க, முட்டியக் காட்டுங்க என்றான். இரண்டு முட்டிக்கும் தேய்த்தான். பிறகு என் தலையைப் பிடித்துக் குனிய வைத்தான். எனக்கு யாரும் தலைக்கு எண்ணெய் வைத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எப்படியோ கேட்டுவிட்டேன். இன்னும் பயமா இருக்காடா?

“ஹமூத் பாபா போயிட்டாரு மச்சான். இப்ப வரிசையில நாந்தான் முன்னாடி.” சாதாரணமாகச் சொன்னான். கை நிற்கவில்லை. “நீங்க எனக்குப் பின்னாடி.”

“ஒனக்கு முப்பத்தோரு வயசு. நான் மூத்தவன்டா.”

“அந்த வரிசையில வயசெல்லாம் பாக்க மாட்டாக. முன்னாடி வந்தவன் முன்னாடி. நான் இன்னும் இங்கிட்டுதான இருக்கேன்? ஒங்களுக்கு என்ன அவசரம், பேசாம பின்னால நில்லுங்க.”

நான் நிமிரப் பார்த்தேன். விடவில்லை.

“கண்ண மூடுங்க மச்சான். எண்ணெ உள்ள போயிரும்.”

மூடிக்கொண்டேன்.